இரண்டாம் வீட்டின் வாரம்

அன்புள்ள நர்சம்மா,

இன்று காலை உன் வீட்டிலிருந்து வசம்பு சுட்ட வாசம் வந்தது. விளக்கெண்ணெயில் தோய்த்து, தீயில் காட்டி, கரியாக்கும்போது வருமே, அந்த வாசம். நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். எந்த வருஷத்தில் கிடக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்த வருஷமா, இல்லை நானே கைக்குழந்தையாக இருந்த வருஷமா? மேற்கு மலையிலிருந்து இறங்கிய மேகம் தெருவரைக்கும் வந்துவிட்டதுபோல ஜன்னல் வெளுத்திருந்தது. எங்கோ ஒரு மில்லில் சங்கு ஊதியது. எழுந்திருக்க மனசில்லாமல் அந்த வாசத்துக்குள்ளேயே படுத்திருந்தேன்.

நீ இருந்திருந்தால் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே சண்டைக்குப் போயிருப்பாய். "பச்சப்பிள்ளை நாக்குல வசம்பத் தடவுத கை எதுட்டி? காட்டு அந்தக் கைய" என்று கேட்டிருப்பாய். கிராமத்து நர்சாக வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனை வீட்டில் வசம்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தவள் நீ. கோபப்படாதே. நாக்கில் யாரும் தடவவில்லை. உள்ளங்காலில் பொட்டு வைக்கத்தான். சுப்பம்மாக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, உன் அடுப்பிலேயே வைத்துச் சுட்டுக் கொடுத்தாள்.

ஆமாம், உன் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராகச் சொல்ல வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

நம் வளவைப் பற்றி உனக்கே எழுதுவது வேடிக்கைதான். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன், எழுதினால்தான் எனக்கு அது கண்ணில் நிற்கிறது. ராஜபாளையத்தில், பஸ் ஸ்டாண்டு இரைச்சல் தேய்ந்து போகிற ஒரு தெருவில், ஒரே கேட்டுக்குள் வரிசையாக நான்கு வீடுகள். முதல் வீட்டில் மிலிட்டரிக்காரர். இரண்டாவது நீ. மூன்றாவது நான். கடைசியில் சுப்பம்மாக்கா, கோபம் வந்தால் தெலுங்கும் சமாதானம் ஆனால் தமிழும் பேசுகிறவள். நடை ஒன்று, மோட்டார் ஒன்று, வாசல் ஒன்று. வாசல் ஒன்றாக இருப்பதால் முறைவாசல். ஒரு வாரம் ஒரு வீடு என்று கணக்கு. முறைக்காரர் விடியுமுன் எழுந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, தொட்டி நிறைய மோட்டார் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் அடுத்த வீடு. எங்கும் எழுதி வைத்தது கிடையாது. வீட்டு வரிசைதான் சட்டம்.

நாம் இந்த வளவுக்கு வந்தபோது நடையில் பிள்ளைகளின் செருப்பு தடுக்கும். பிறகு செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாகக் காணாமல் போயின. சுப்பம்மாக்காவின் பையன்கள் பெங்களூருக்கு. என் ஒரே மகன் சென்னைக்கு. உன் ஒரே மகள் மெல்போர்னுக்கு. மிலிட்டரிக்காரரின் பெண் கல்யாணமாகி டெல்லிக்கு. "நாலு வீட்டுக்கும் சேத்து ஒரு கபடி டீமு கூடத் தேறலையே" என்பார் மிலிட்டரிக்காரர். நீ உடனே, "தேறாதுதான். தேறாம இருக்கத்தானே கவர்மெண்டு எனக்குச் சம்பளம் குடுத்துச்சு" என்பாய்.

மிலிட்டரிக்காரரின் மனைவி இறந்த வருஷம் அவர் காய்ச்சலோடு உள்ளே விழுந்து கிடந்ததும், பக்கத்து வீட்டில் நீயும் அதற்கடுத்த வீட்டில் நானும் அது தெரியாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததும் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீ எங்கள் எல்லோரையும் நடையில் நிறுத்தி வைத்துத் திட்டினாய். காய்ச்சல்காரரையும் விடவில்லை. "வாசலக் கூட்டுத ஆளு, கையோட மூணு கதவையும் தட்டிட்டுப் போனா என்ன? தண்ணி தெளிக்கத் தெம்பிருக்கு, 'இருக்கியளா'ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெம்பில்லையோ?"

அதற்குப் பிறகு முறைவாசல் வாசலோடு நிற்கவில்லை. முறைக்காரர் கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று நீதான் உத்தரவு போட்டாய். மாத்திரை தீர்ந்ததா, பிரஷர் எவ்வளவு, யார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யார் துணைக்குப் போக வேண்டும் என்று எல்லாமே அந்த வாரத்து ஆளின் பொறுப்பு. மிலிட்டரிக்காரர் முறையன்று கோலம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். ஸ்கேல் வைத்ததுபோல ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்பார். நீ வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "பாஸ் மார்க்கு போட்டாச்சு, போங்க" என்பாய்.

எனக்கு அடிக்கடி கனவில் வருவது என்ன தெரியுமா? நாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர்காணலுக்குப் போனது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டுமே, அது. கனவில் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். நீ ஜன்னலோரம். வெளியே வெயில் வெண்ணெய் மாதிரி உருகிக்கொண்டிருக்கும். கோபுரம் மரங்களுக்கு மேலே எழும்பும், மறையும், மறுபடி எழும்பும். ஊர் வந்து சேராது. நானும் இறங்க அவசரப்பட மாட்டேன்.

நிஜத்தில் இறங்கத்தான் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அன்றைக்கு எள் போட இடமில்லை. கைத்தடி, மூக்குக்கண்ணாடி, பிளாஸ்க், மஞ்சள் பை. மிஷினில் உன் விரலை வைத்தால் அது உன்னை ஒத்துக்கொள்ள மறுத்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், "நல்லா அமுக்குங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நீ விரலைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாய். "ஏய்யா, எத்தனை புள்ளத்தாச்சி வயித்தத் தடவிப் பாத்த விரலு இது. ரேகை அங்கங்க ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். வீடு வீடாப் போயி வாங்கிட்டு வரட்டுமா?" வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் பையனும் சிரித்துவிட்டான்.

வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தபோது நீ சிரிக்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இங்க பாரு டீச்சரு. பந்தியில இம்புட்டுப் பேரு உக்காந்திருக்கோம். பரிமாறுதவன் அவன் ஒருத்தந்தான்."

"அவனும் லீவு போட்டுட்டா?"

"இலைய மடிச்சிட்டு எந்திரிக்க வேண்டியதுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "நமக்கு மாசாமாசம் வருதது எங்கேருந்து வருதுன்னு நெனைக்க? நாம சேத்து வச்சதா? இன்னைக்கு வேலைக்குப் போற பிள்ளைக கட்டுத வரியிலருந்து வருது. அந்தப் பையனுக்கு நம்மள மாதிரி பென்ஷனே கிடையாதாம், கேட்டேன். அவன் கெழவனாகும்போது பரிமாற யாருட்டி இருப்பா?"

எனக்கு உன்னைச் சீண்டாமல் இருக்க முடியாது. எதிர்ச் சுவரில் சாயம் வெளுத்துப்போன தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் ஒன்று இருந்தது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அந்தக் காலத்தில் வரைந்தது. அதைக் காட்டி, "இந்தா, குற்றவாளி இங்கதான உக்காந்திருக்கா. நீ வீடு வீடாப் போயி கொறச்ச. என் பள்ளிக்கூடம் காலியாச்சு" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அது விளையாட்டு மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த என் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு பிள்ளையும் வராத வருஷம் ஒன்று வந்தது. பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். நான்தான் பூட்டினேன். பூட்டிவிட்டு வந்த அன்று உன் வீட்டுக் கட்டிலில் படுத்து அழுதேன். நீ என் காலைப் பிடித்துவிட்டாய்.

வேப்பமரத்தடியில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் பாத்ததெல்லாம் நீ பாக்கல டீச்சரு. எட்டாவது பேறுகாலத்துக்குக் கட்டில்ல தூக்கிட்டு வருவான். பாதி வழியில உசிரு போயிருக்கும். பொறகால ஏழு பிள்ளைகளும் அழுதுகிட்டே ஓடிவரும். அந்த ஏழையும் யாரு பாத்தா? யாரும் பாக்கல. இன்னைக்கு எவன் மேடையேறி நெறையப் பெத்துக்கோங்கன்னு சொன்னாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன். வேணும்ங்கும்போது பெத்தா, வேண்டாம்ங்கும்போது நிப்பாட்டுனா. பொம்பளைக்குக் கெடச்சது அது ஒண்ணுதான்."

"சரி. நம்ம கதி?"

"பெத்த பிள்ளை வந்து பாக்கும்ங்கிறத மட்டும் நம்பி எல்லாத்தையும் கட்டி வச்சிட்டோம். பிள்ளை கொறஞ்சது தப்பில்லட்டி. அந்தக் கட்டடத்த மாத்தாம இருக்கோம் பாரு, அதான் தப்பு. எப்படி மாத்துததுன்னு கேட்டா எனக்கும் தெரியாது." எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "வா, பால்கோவா வாங்குவோம்" என்றாய். சுகர் இருக்கே என்றேன். "உயிரோட இருக்கேன்னு சர்க்காரே ஒத்துக்கிட்டாச்சு. இனி சுகரு என்ன செய்யும்?"

போன ஆனியில் நீ போனாய். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில்தான் இருந்தேன், அது போதும்.

உன் மகள் வந்து சேரும்வரை உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். எடுக்கிற நேரத்தில் ஒரு சிக்கல். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வர வேண்டுமே, உனக்கு ஏது பேரப்பிள்ளை? உன் மகள் பிள்ளை வேண்டாம் என்று இருக்கிறாள். நீ அதைப் பற்றி அவளிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்காததற்காகவே அவள் உன்மேல் உயிரை வைத்திருந்தாள். அன்றைக்கு யாரோ சொந்தக்காரர் ஒருவர் அவள் காதுபட எதையோ முணுமுணுத்தார். அவள் முகம் சுருங்கியது. அப்போது மிலிட்டரிக்காரர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கொண்டாங்க, நான் பிடிக்கேன்" என்றார். உன்னைவிட மூத்த மனுஷர், உனக்குப் பேரனாக நின்று, பந்தத்தைப் பிடித்து உன்னைச் சுற்றி வந்தார். சூடான நெய் விரலில் சொட்டியது. பந்தத்தை இறக்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். நல்லவேளை, நீ பார்க்கவில்லை. அதற்கும் மார்க் போட்டிருப்பாய்.

உன் மகள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "வீட்ட என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க அத்தை. பூட்டிப் போடணும்னாலும் சரி" என்றாள். நான் பூட்டித்தான் போட்டேன். கொஞ்ச நாளில் ஒரு வடக்கத்திப் பையனும் பெண்ணும் கைக்குழந்தையோடு கேட்டுக்கு வந்து நின்றார்கள். ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள். வீடு காலியாக இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிலிட்டரிக்காரருக்குத்தான் ஹிந்தி வரும். மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, "ஊரு பேரு தெரியாத ஆளுகள உள்ள விடக்கூடாது டீச்சர்" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு ஊரும் பேரும் ஒரு பொருட்டில்லை. உன் சமையற்கட்டில் இன்னொருத்தி பாத்திரம் உருட்டுகிற சத்தத்தை என்னால் கேட்க முடியாது, அவ்வளவுதான். அந்தப் பெண் போகும்போது திரும்பித் திரும்பி உன் வாசலையே பார்த்துக்கொண்டு போனாள்.

இனி உன் வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் வீட்டு வாரம் முடிந்தது. இரண்டாம் வீட்டு வாரம் வந்தது. இனிமேல் மூன்று வீடுதான், ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாண்டிவிடுவோம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் உன்னை இன்னொரு தடவை சுடுகாட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. அன்று விடியற்காலையில் நான் விளக்குமாற்றோடு வெளியே வந்தால், எதிரே மிலிட்டரிக்காரரும் விளக்குமாற்றோடு நிற்கிறார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி பெருக்கினோம். உன் கதவையும் அவர் தட்டினார். பழக்கதோஷம். தட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சுற்றில் உன் வாரத்தை நான் பார்த்தேன். அதற்கடுத்ததில் அவர். இப்படியே உன் வாரம் எங்களுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆள் குறைந்தது, வேலை குறையவில்லை. என் முழங்கால் அதை எனக்குத் தினமும் சொன்னது. அவருக்குக் கண்ணில் புரை. சுப்பம்மாக்காவுக்கு மூச்சு இரைக்கும். இருந்தும் உன் வாரத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. உன் வாரம்தான். போன தடவை நான் செய்தேனே, இந்தத் தடவை அவர்தான் என்று நான் இருந்தேன். டீச்சர் செய்வார் என்று அவர் இருந்தார். வாசல் பெருக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. நான் காபி குடித்தேன், பேப்பர் படித்தேன், மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மலை நீலமாக, யாரோ துவைத்துக் காயப்போட்டது மாதிரி இருந்தது. சுப்பம்மாக்கா விடியற்காலையிலிருந்தே குளியலறையில் இடுப்பு ஒடிந்து விழுந்து கிடந்தாள்.

வெயில் ஏறிய பிறகு என் கதவு படபடவென்று அடித்தது. திறந்தால் அந்த ஒடிசாப் பெண், இடுப்பில் குழந்தை. இன்னொரு தடவை வீடு கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறாள். கேட்டுக்குள் நுழைந்தவளுக்குப் பின்பக்கத்திலிருந்து முனகல் கேட்டிருக்கிறது. எனக்குச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. குழந்தையை என் கையில் திணித்தாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தவள் அவள்தான். சுப்பம்மாக்காவை அசைக்காமல், தலைக்கு மட்டும் தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள். வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். மிலிட்டரிக்காரர் வந்து நின்று, வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு யாரு முறை?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சுவரில் சாய்ந்துகொண்டார்.

மதுரையில் ஆபரேஷன் ஆனது. பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்கள். கட்டிலில் கிடந்தபடி சுப்பம்மாக்கா, "நேனு ரானு" என்றாள். வர மாட்டேன் என்றால் வர மாட்டேன்தான். "அந்த எட்டாவது மாடியில பகல் பூராம் நானும் பிரிட்ஜும் மட்டும் இருக்கணும். அதுக்கு இந்த ஆஸ்பத்திரியே தேவலை" என்றாள். பெரியவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க தெம்பான ஆளு ஒருத்தர் இருந்தா விட்டுட்டுப் போவோம் டீச்சர். மூணு பேருமே வயசானவங்களா இருந்தா எப்படி?" என்று கேட்டான். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் என் மகனும் போனில், கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கு நல்ல இல்லம் ஒன்று இருக்கிறது, பெயர் கொடுத்துவிடட்டுமா என்றான். சுப்பம்மாக்கா போனால் நான் போவேன். நான் போனால் மிலிட்டரிக்காரர் டெல்லிக்கு, பெண் வீட்டு ஹாலில் ஒரு கட்டிலுக்கு. நீ திட்டித் திட்டிக் கட்டிய வளவு கலைந்துவிடும். எனக்கு அது தாங்கவில்லை. சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

உன் மகளுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் "அம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க அத்தை?" என்றாள்.

"உங்கம்மா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. கைப்பிள்ளைக்காரிய வாசல்ல நிக்க வச்சிட்டு என்னட்டி பேச்சுன்னு எங்களத்தான் வஞ்சிருப்பா" என்றேன். அங்கே அவள் அழுவது கேட்டது. "குடுத்துருங்க அத்தை" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் சஸ்மிதா. பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலைக்குப் போக முடியாமல் இருந்தாள். அவள் புருஷனுக்கு நூற்பு மில்லில் ஷிப்டு. உன் குரல் என் காதிலேயே இருந்தது: "ஏட்டி, சம்பளமில்லாத ஆயா கெடச்சிட்டான்னு நெனச்சிராத." அதனால் முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். எல்லோருக்கும்போல அவளுக்கும் ஒரே ஒரு வாரம், இரண்டாம் வீட்டு வாரம். அவள் மில்லுக்குப் போகும்போது குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மிலிட்டரிக்காரர் இதையெல்லாம் அட்டென்ஷனில் நின்று ஹிந்தியில் அறிவித்தார். ஊர் பேர் தெரியாத ஆள் என்று சொன்னவர் இப்போது அவளுடைய ஜில்லா, தாலுகா எல்லாம் ஒப்பிக்கிறார்.

அவள் முறை வந்த முதல் நாள் நான் எழுந்து வந்து பார்த்தேன். கோலப்பொடியை அவள் தொடவே இல்லை. அரிசியை அரைத்துக் கரைத்து, விரலால் இழுத்து, வாசல் முழுக்க நெற்கதிர்களாகப் போட்டிருந்தாள். ஈரம் காயக் காய அது வெள்ளையாக மேலே எழும்பி வந்தது. எனக்கு ஏதோ தூங்கி எழுந்து வேறு ஊரில் நிற்பது போலவும், அந்த ஊரும் என் ஊர்தான் என்பது போலவும் இருந்தது. உன் சமையற்கட்டில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. தாங்க முடிந்தது.

சுப்பம்மாக்காவும் வாக்கரோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது மத்தியானங்களில் குழந்தை அவள் மடியில். அவள் அதற்குத் தெலுங்கு பேசுகிறாள், மிலிட்டரிக்காரர் ஹிந்தி, நான் தமிழ், அதன் அம்மா ஒடியா. எல்லாவற்றுக்கும் அது ஒரே பதில்தான் சொல்கிறது, எச்சில் வடியச் சிரிக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் உன்னிடம் பாதி சொல்லி நிறுத்த முடியாதே.

சஸ்மிதா சாயங்காலமானால் வீடியோ போட்டு அவள் அம்மாவோடு பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மண் சுவர், ஒரு ஆடு, சின்னதாக ஒடுங்கிய ஒரு முகம். ஒரு நாள் மிலிட்டரிக்காரரிடம், "அந்தம்மாகூட யாரு இருக்காங்கன்னு கேளுங்க" என்றேன். கேட்டார். சஸ்மிதா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே பதில் சொன்னாள். யாரும் இல்லையாம். அப்பா இறந்துவிட்டார். இவள் ஒரே பிள்ளை.

ஒரே பிள்ளை. உன்னைப் போல ஒருத்தி அந்த ஊரிலும் வெயிலில் வீடு வீடாக நடந்திருக்கிறாள். அவளும் நல்லதற்குத்தான் நடந்திருப்பாள். எங்கள் வளவில் விழுந்த ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடைக்கவில்லை, அந்த அம்மாவின் வீட்டுக் கூரையிலிருந்து ஓடுகளைப் பிரித்து எங்கள் கூரையில் வேய்ந்திருக்கிறோம். மிலிட்டரிக்காரரிடம் சொன்னேன். அவர், "அப்போ அதுவும் நம்ம வளவுதான் டீச்சர்" என்றார்.

அதனால் இப்போது முறைக்காரர் தட்டுகிற கதவு ஒன்று கூடியிருக்கிறது. வளவுக் கதவுகளைத் தட்டி முடித்ததும் போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டும். என் வாரத்தில் நான் கூப்பிடுவேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. அவள் ஆட்டைக் காட்டுவாள். நான் மலையைக் காட்டுவேன். குழந்தையைக் காட்டினால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான். போனை வைத்துவிடுவோம்.

சென்ற வாரம் என் முறை. ஒரு காலையில் அவள் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் எடுக்கவில்லை. சஸ்மிதா மில்லுக்குள்ளே இருந்தாள், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். புருஷனும் ஷிப்டில். மிலிட்டரிக்காரர் கண் டாக்டரிடம் போயிருந்தார். அந்த ஊரில் எனக்கு ஒரு மனுஷரைத் தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். குளியலறை, ஈரத் தரை, முனகல் என்று கண்ணுக்குள் ஏதேதோ ஓடியது. உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று நீ உத்தரவு போட்டிருந்தாய். எந்தக் கதவை நான் போய் உடைக்க?

வெயில் நடுவாசலுக்கு வந்த நேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஈரத் தலை, தோளில் பிழிந்த சேலை. குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். என்னைப் பார்த்து, ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்தாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "குளத்துக்குப் போனா போனைக் கொண்டு போகக் கூடாதா? இங்க ஒருத்தி உசிரக் கையில பிடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சு போயிரும்? வயசுக்குத் தகுந்த அறிவு வேண்டாமா?" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். அவள் திகைத்தாள். பிறகு அவளும் அவள் பாஷையில், என்னைவிடச் சத்தமாக, கையை ஆட்டி ஆட்டி ஏதோ திட்டினாள். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு சொல்லும் விளங்காமல் இரண்டு கிழவிகளும் மூச்சு வாங்க நின்றோம். அவள் ஈரச் சேலையால் கண்ணைத் துடைத்தாள். அவளையும் யாரும் ரொம்ப நாளாகத் திட்டியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

உன் வீட்டைக் கொடுத்துவிட்டேன். உன் வாரத்தையும் கொடுத்துவிட்டேன். உன் கோபத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, நர்சம்மா. அது என்னிடம்தான் இருக்கிறது.

மூன்றாம் வீட்டிலிருந்து,
உன் டீச்சர்